வேலையை விடாமல் எல்.எல்.எம்.: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

சட்டப் பட்டம் வாங்கி நாலைந்து வருடம் வேலை பார்த்த பிறகு எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் பட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. ஒரே வகை வழக்குகளை நடத்திக்கொண்டிருப்பவர் வேறு துறைக்கு மாற நினைக்கிறார். நிறுவனத்தின் சட்டப் பிரிவில் ஒப்பந்தங்களை மட்டும் பார்த்துவந்தவருக்குத் தரவுப் பாதுகாப்போ மத்தியஸ்தமோ (ஆர்பிட்ரேஷன்) ஆழமாகத் தெரிய வேண்டியிருக்கிறது. சட்டம் கற்பிக்க விரும்புகிறவருக்கோ இந்தப் பட்டம் இல்லாமல் வழியே இல்லை. ஆனால் அந்த வயதில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு வருடம் முழுநேர மாணவராக உட்கார எல்லாராலும் முடியாது. கட்சிக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். வீட்டில் கைக்குழந்தையோ உடல்நலம் குன்றிய பெரியவரோ இருக்கலாம். கடன் தவணை நிற்காது.

இப்படிப்பட்டவர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் பகுதிநேரம், இணையவழி, தொலைநிலை, கலப்பு முறை என்று பல வழிகளை வைத்திருக்கின்றன. சான்றிதழில் தொடங்கிப் படிப்படியாகப் பட்டம் வரை போகும் வழியும் உண்டு. எல்லாவற்றுக்கும் விளம்பரத்தில் ஒரே சொல்தான்: நெகிழ்வு. இவற்றை ஒப்பிடுகிறவர்களும் "எதில் வசதி அதிகம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். என்னிடம் யோசனை கேட்டு வரும் இளம் வழக்கறிஞர்களிடம் நான் அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்கச் சொல்வேன். படித்து முடித்ததும் அந்தப் பட்டத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும். மீதி இருப்பவற்றில் எது வசதி என்று பார்த்துக்கொள்ளலாம்.

பட்டத்தை ஏற்க வேண்டியவர் யார்?

எல்.எல்.எம். முடித்தால் வேறு நாட்டில் வழக்கறிஞராகிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சில இடங்களில், சில நிபந்தனைகளோடு மட்டுமே அது உண்மை. அதிகம் பேசப்படுவது நியூயார்க். வெளிநாட்டில் சட்டம் படித்தவரின் படிப்பில் அந்த மாநில விதிகள் குறை கண்டால், அமெரிக்க பார் அசோசியேஷன் அங்கீகரித்த சட்டக் கல்லூரி ஒன்றில் குறைந்தது 24 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட எல்.எல்.எம். முடித்து அந்தக் குறையைச் சரிசெய்து, வழக்கறிஞராவதற்கான பார் தேர்வு எழுதலாம். அந்த 24 கிரெடிட்டுக்குள் தொழில்நெறி, சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட முறைமை, பார் தேர்வில் வரும் பாடங்கள் ஆகியவற்றுக்கு இத்தனை இத்தனை என்று விதியே பிரித்துச் சொல்கிறது. தொலைநிலையில் எடுத்த கிரெடிட்டுகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்த நோக்கத்தோடு ஒருவர் வீட்டிலிருந்தே படிக்கும் எல்.எல்.எம். ஒன்றில் சேர்ந்தால், பட்டம் கையில் இருக்கும், தேர்வு எழுதும் தகுதி இல்லாமல் போகலாம். கல்லூரியின் தரத்தில் குறை இருக்காது. அது இந்த வேலைக்கான பட்டம் இல்லை, அவ்வளவே.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சொலிசிட்டர் (அங்குள்ள வழக்கறிஞர்களில் ஒரு வகை) ஆக எஸ்.க்யூ.ஈ. என்ற தேர்வு முறை நடைமுறையில் இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, இரண்டு கட்டத் தேர்வு, இரண்டு வருட வேலை அனுபவம், நன்னடத்தைச் சரிபார்ப்பு ஆகியவை தேவை. எல்.எல்.எம். அந்தப் பட்டியலில் கிடையாது. லண்டனில் சொலிசிட்டர் ஆவதற்காகவே எல்.எல்.எம். படிக்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் நேரடியாகத் தேர்வுத் தயாரிப்பில் போடச் சொல்வேன். சில எல்.எல்.எம். படிப்புகள் அந்தத் தேர்வுக்கான தயாரிப்பையும் உள்ளே வைத்திருக்கின்றன. அப்படிப்பட்டதைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பது வேறு விஷயம்.

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஒரு வருட எல்.எல்.எம். படிப்புக்கு பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் வழிகாட்டுதல் தந்தது. சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் தன் 2020 விதிகளில் அந்த ஒரு வருடப் படிப்பை நிறுத்தப் போவதாகச் சொல்ல, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025-இல் பார் கவுன்சில் இன்னோர் எச்சரிக்கை விடுத்தது: தன் முன் அனுமதி இல்லாமல் இணையவழியிலோ தொலைநிலையிலோ கலப்பு முறையிலோ நடத்தப்படும் எல்.எல்.எம். படிப்புகளும், எக்ஸிக்யூட்டிவ் எல்.எல்.எம். போன்ற பெயர்களில் வருகிறவையும் செல்லாது என்றது. சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக விரும்புகிறவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. முதுநிலையில் 55 சதவீதமும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் கேட்கும் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த முதுநிலைப் பட்டமே செல்லுமா என்ற கேள்வி எழக் கூடாது. கற்பிக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: வசதி குறைந்தாலும் அங்கீகாரத்தில் கேள்வியே இல்லாத நேரடிப் படிப்பில் சேருங்கள்.

இப்படி எந்த அமைப்பிடமும் போய் நிற்க வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். நிறுவனத்துக்குள் இருக்கும் சட்ட ஆலோசகர், கட்சிக்காரர்களின் துறையை ஆழமாகக் கற்க நினைக்கும் வழக்கறிஞர், ஒழுங்குமுறை அமைப்பில் பணியாற்றும் அதிகாரி ஆகியோர் படிப்பைத் தேடுவது அறிவுக்காகவும் துறையில் பெயருக்காகவும். இவர்களுக்கு எல்லா வழிகளும் உண்மையிலேயே திறந்திருக்கின்றன. இனி எழுதுவது பெரும்பாலும் இவர்களை நினைத்து.

மணிக்கணக்கு

எந்த வழியில் போனாலும் உழைப்பின் மொத்த அளவு மாறுவதில்லை. பிரிட்டிஷ் முறையில் ஒரு முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. ஆக 1,800 மணி நேரம். வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, தேர்வுத் தயாரிப்பு, ஆய்வேடு எல்லாம் இதற்குள் அடக்கம். வருடத்துக்கு 45 வாரம் படிக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், ஒரே வருடத்தில் முடிப்பவர் வாரம் 40 மணி நேரம் தர வேண்டும். அது முழுநேர வேலைக்குச் சமம். இரண்டு வருடம் என்றால் வாரம் 20. மூன்று வருடத்தில் பதின்மூன்று சொச்சம். ஐந்து வருடத்துக்கு நீட்டினால் வாரம் 8 மணி.

கிரெடிட் என்ற சொல்லை நாடு விட்டு நாடு ஒப்பிடும்போது கவனம் தேவை. பிரிட்டனின் 180 ஐரோப்பியக் கணக்கில் 90 ஆகிறது. ஐரோப்பாவில் 60 கிரெடிட்டோடு முடியும் ஒரு வருட எல்.எல்.எம். படிப்புகளும் ஏராளம். அமெரிக்காவின் 24 வேறோர் அளவுகோல். எண்ணைப் பார்த்து எது கனமானது என்று முடிவு கட்ட முடியாது.

இரண்டு வருடப் பகுதிநேரத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் 20 மணி என்றால் வார நாட்களில் தினம் இரண்டு மணி, சனி ஞாயிறில் தலா ஐந்து மணி. நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கறிஞருக்கு இது நடக்குமா? ஒரு வாரம் எல்லா வழக்கும் வாய்தா ஆகி மாலையெல்லாம் ஓய்வாகக் கிடைக்கும். அடுத்த வாரம் விசாரணை தொடர்ச்சியாக நடக்கும், இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் கேஸ் கட்டை மூட முடியும். சராசரி சரியாக இருந்தாலும் வாரங்கள் சீராக அமையாது. நிறுவனத்தில் இருப்பவருக்கும் நிதியாண்டு முடியும்போதோ பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதோ இதே கதைதான். எனவே வாரத்துக்கு எத்தனை மணி என்பதோடு, ஒரு மாதம் தொடவே முடியாவிட்டால் அந்தப் படிப்பு என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். வழிகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

வளாகப் பகுதிநேரமா, இணையவழியா?

வளாகத்தில் பகுதிநேரமாகப் படிப்பது பழைய முறை. முழுநேர மாணவர்கள் ஒரு வருடத்தில் எடுக்கும் பாடங்களை நீங்கள் இரண்டு வருடத்துக்குப் பிரித்து எடுக்கிறீர்கள். சில இடங்களில் மாலை வகுப்பு உண்டு. பல இடங்களில் பகல் வகுப்புதான், வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். பகுதிநேரம் என்ற சொல்லை நம்பிச் சேர்ந்துவிட்டு, செவ்வாய் காலை பதினொரு மணிக்கு வகுப்பு என்று பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை. கால அட்டவணையைப் பார்க்காமல் பகுதிநேரப் படிப்பு எதையும் ஒப்பிட முடியாது. அந்த அட்டவணை அடுத்த வருடமும் அப்படியே இருக்குமா என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் இரண்டாம் வருடப் பாடங்கள் வேறு நாட்களுக்குப் போய்விடலாம்.

இவ்வளவு இடைஞ்சல் இருந்தும் நான் வளாகப் பகுதிநேரத்தை உயர்வாகவே மதிக்கிறேன். முதுநிலைச் சட்டப் படிப்பின் உயிர் செமினாரில் இருக்கிறது. ஒரு தீர்ப்பைப் பதினைந்து பேர் படித்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். அதில் ஒருவர் பத்து வருடம் வரி வழக்கு நடத்தியவர், ஒருவர் அரசுத் துறையில் சட்டவரைவு செய்பவர், ஒருவர் வேறு நாட்டுச் சட்டம் படித்தவர். தீர்ப்பின் காரணம் சரியா என்ற விவாதம் தொடங்கினால், நீங்கள் பல வருடம் கேள்வி கேட்காமல் பயன்படுத்தி வந்த ஒரு கோட்பாடு நொறுங்குவதை நேரில் பார்க்கலாம். நம் தொழிலில் ஒரு பக்கத்துக்காக வாதாடியே பழகியிருக்கிறோம். இரண்டு பக்கமும் இல்லாமல் சட்டத்தையே எடைபோடக் கற்பது அந்த அறையில்தான் நடக்கிறது. பேராசிரியர் உங்களை முகம் பார்த்து அறிவார். பின்னால் முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது அந்தப் பழக்கம் பெரிய உதவி.

இணையவழிப் படிப்பு என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவது உண்மையில் இரண்டு வகை. ஒன்றில் குறித்த நேரத்தில் எல்லாரும் திரையில் கூடி நேரலையாக விவாதிக்கிறார்கள். மற்றதில் பதிவுசெய்த விரிவுரை, படிக்க வேண்டியவற்றின் தொகுப்பு, எழுதிப் பதியும் விவாதம், கடைசியில் மதிப்பீடு. முதல் வகையில் வசதி குறைவு, உயிர்ப்பு அதிகம். இரண்டாவது வகையில் அதிகாலை நான்கு மணிக்குக்கூடப் படிக்கலாம், ஆனால் உங்களைத் தேட யாரும் இல்லை. விளக்கக் குறிப்பேட்டில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தெளிவாக இருக்காது. வாரத்துக்கு எத்தனை மணி நேரலை வகுப்பு, அதற்கு வருகைப் பதிவு உண்டா, வேறு நேர மண்டலத்தில் இருப்பவருக்கு மாற்று நேரம் உண்டா என்று நேராகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொலைநிலை என்றாலே தாழ்ந்தது என்று முகம் சுளிப்பவர்கள் நம் தொழிலில் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பார்வைக்கு வரலாற்றில் இடமில்லை. லண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளை வெளிமாணவர்களுக்குத் திறந்தது 1858-இல். தென்னாப்பிரிக்காவின் யூனிசா பல்கலைக்கழகம் 1946-இலிருந்து தொலைநிலையில் கற்பித்து வருகிறது. நெல்சன் மண்டேலா பல வருடத் தடங்கல்களுக்குப் பிறகு, சிறையில் இருந்தபடியே, 1989-இல் அங்கேதான் சட்டப் பட்டம் பெற்றார். இன்று எடின்பரோ பல்கலைக்கழகம் முழுக்க இணையவழியில் எல்.எல்.எம். நடத்துகிறது. லண்டன் குயின் மேரி, தொழில்நுட்பம், ஊடகம், தொலைத்தொடர்புச் சட்டத்தில் தொலைநிலை எல்.எல்.எம். தருகிறது. சிறப்புத் துறை ஒன்றில் சிறந்த ஆசிரியர் குழு உங்கள் ஊரில் இல்லை, வேறு கண்டத்தில் இருக்கிறது என்றால், அருகில் இருக்கும் பொதுவான படிப்பைவிடத் தூரத்தில் இருக்கும் ஆழமான படிப்பே மேல். வரிச் சட்டம், கடல்சார் சட்டம், அறிவுசார் சொத்துரிமை, சர்வதேச மத்தியஸ்தம் போன்றவற்றில் இது பெரிதும் பொருந்தும்.

இணையவழியின் உண்மையான பலவீனம் மதிப்பு குறைவு என்பதில் இல்லை. அது தனிமையில் இருக்கிறது. இரண்டு வாரம் விட்டுப்போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள், நான்கு வாரம் விட்டுப்போனால் நீங்களே திறந்து பார்க்கத் தயங்குவீர்கள். ஆகவே வேலையில் இருக்கும் பெரும்பாலோருக்கு என் தேர்வு, முழுக்க உங்கள் இஷ்டத்துக்கு விடும் படிப்பைவிட, வாரம் ஒரு முறையாவது குறித்த நேரத்தில் நேரலையாகக் கூடும் இணையவழிப் படிப்பு. அந்த ஒரு மணி நேரக் கட்டாயம் மீதி நேரத்தைத் தாங்கிப் பிடிக்கும். இதில் விலக்கு, நேரத்தை முன்கூட்டிச் சொல்லவே முடியாத வேலை: இரவுப் பணி, கப்பல், அடிக்கடி ஊர் மாறும் பதவி. அவர்களுக்குப் பதிவு விரிவுரைதான் ஒரே வழி. அப்போதும் அதே படிப்பில் இருக்கும் ஒருவரோடு வாராந்தரத் தொலைபேசிப் பேச்சு என்று ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம், ஒப்பீட்டில் அடிக்கடி விடுபடுபவை. ஒன்று, நூலகம். சட்ட ஆய்வு என்பது வெஸ்ட்லா, லெக்ஸிஸ், ஹைன்ஆன்லைன் போன்ற தரவுத்தளங்கள் இல்லாமல் நடக்காது. தொலைநிலை மாணவருக்கு இவை அனைத்தும் திறக்கின்றனவா, அல்லது வளாகக் கணினியில் மட்டும் திறப்பவை உண்டா என்று பார்க்க வேண்டும். இடைவெளி எடுக்கும் பருவத்தில் நுழைவு நிறுத்தப்படுகிறதா என்பதும் முக்கியம். மற்றது, விசா. வெளிநாட்டுக்குப் போய்ப் பகுதிநேரமாகப் படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம் என்ற திட்டம் பெரும்பாலும் விசா விதியில் முட்டி நிற்கும். அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசா முழுநேரப் படிப்பைக் கேட்கிறது. அந்த முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடம், அதாவது மூன்று கிரெடிட், மட்டுமே சேரும். வெளிநாட்டில் போய்ப் படிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு வருட முழுநேரமே பொதுவாக நடைமுறைக்கு ஒத்தது. நெகிழ்வுப் படிப்பு, இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கானது.

கலப்பு முறை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாடங்கள் இணையத்தில், நடுவில் சில வாரமோ சில மாதமோ நேரில். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பும் டூரின் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் எல்.எல்.எம். இந்த அமைப்பில் வருகிறது: முதலில் தொலைநிலை, பிறகு டூரினில் தங்கிப் படிப்பு, பிறகு ஆய்வுக் கட்டுரை. நேரில் இருக்கும் பகுதிக்கு வேலையிலிருந்து தொடர்ச்சியான விடுப்பு கிடைக்குமானால் இதைவிடச் சிறந்த ஏற்பாடு குறைவு. நீதிமன்ற விடுமுறைக் காலத்தோடு அது பொருந்தி வந்தால் வழக்கறிஞருக்கும் முடியும். விடுப்பு உறுதியில்லை என்றால் இந்த வழியைத் தொட வேண்டாம், ஏனென்றால் அந்தப் பகுதி தவறினால் முழுப் படிப்பும் ஒரு வருடம் தள்ளிப் போகும்.

படிப்படியாக ஏறும் வழி

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பிரிட்டிஷ் முறையில் 60 கிரெடிட் முடித்தால் முதுநிலைச் சான்றிதழ், 120 முடித்தால் முதுநிலைப் பட்டயம், 180-இல் எல்.எல்.எம். பல பல்கலைக்கழகங்கள் சான்றிதழுக்கு மட்டும் சேர விடுகின்றன, அது முடிந்ததும் மேலே தொடர விடுகின்றன. லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எல்.எல்.எம். ஐந்து வருடம் வரை நீள இடம் தருகிறது.

இதன் சிறப்பு, நடுவில் நின்றாலும் கை வெறுமையாக இருக்காது என்பதே. இரண்டு வருட எல்.எல்.எம். ஒன்றில் பாதியில் விலகினால் சில இடங்களில் மதிப்பெண் பட்டியல் ஒன்றைத் தவிர எதுவும் மிஞ்சாது. படிமுறையில் 60 கிரெடிட்டோடு நிறுத்தினாலும் பெயருள்ள ஒரு தகுதி இருக்கும், அதைத் தன்விவரக் குறிப்பில் எழுதலாம். அதோடு, ஐந்து வருடம் கழித்துப் படிக்கப் போகும் தன்னை இன்றே யாராலும் கணிக்க முடியாது. முதல் சான்றிதழில் மத்தியஸ்தம் எடுத்தவர் அதில்தான் தொடர வேண்டுமா, அல்லது முதலீட்டுச் சட்டத்துக்குத் திரும்ப வேண்டுமா என்று நடுவழியில் தீர்மானிக்கலாம். எல்.எல்.எம். தேவையா என்ற சந்தேகம் துளியாவது இருப்பவர்கள் எல்லாரும் இந்த வழியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதன் ஆபத்து ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: நாம் மெதுவாகப் படிக்கும்போது சட்டம் காத்திருப்பதில்லை. 2022-இல் இந்தியக் குற்றவியல் சட்டத்தில் தொடங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1860-இன் தண்டனைச் சட்டம், 1872-இன் சாட்சியச் சட்டம், 1973-இன் நடைமுறைச் சட்டம் மூன்றும் 2024 ஜூலை 1 அன்று மாற்றப்பட்டுவிட்டன. இங்கிலாந்தில் 1996-இன் மத்தியஸ்தச் சட்டத்தைத் திருத்தும் புதிய சட்டம் 2025-இல் வந்தது. ஐரோப்பாவின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தாலும், அதன் பகுதிகள் கட்டம் கட்டமாகத்தான் செயலுக்கு வருகின்றன. முதல் வருடம் படித்த பாடம் ஐந்தாம் வருட ஆய்வேட்டில் பாதி பழையதாகிவிடும். அதனால் வேகமாக மாறும் துறையை எடுப்பவர் இரண்டரை, மூன்று வருடத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். சட்டத் தத்துவம், ஒப்பந்தக் கோட்பாடு, ஒப்பீட்டு அரசியலமைப்பு போன்றவற்றை எடுப்பவருக்கு அவசரமில்லை.

வேறொரு பல்கலைக்கழகத்தில் எடுத்த கிரெடிட்டை இங்கே சேர்த்துக்கொள்வார்களா என்பதையும் கேட்க வேண்டும். எத்தனை வருடப் பழையது வரை ஏற்பார்கள், எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரம்பு உண்டு.

ஆய்வேடு

வேலையில் இருந்துகொண்டு படிப்பவர்கள் பலர் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டு ஆய்வேட்டில் நின்றுவிடுகிறார்கள். பாடங்களுக்குத் தேதி இருக்கிறது, தேர்வு இருக்கிறது. ஆய்வேட்டில் கடைசித் தேதி மட்டும் எங்கோ தூரத்தில் தெரியும். பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் சொற்கள் என்பது வழக்கமான அளவு. ஒரு நல்ல எழுத்து மூல வாதத்தை ஓர் இரவில் எழுதிவிடும் வழக்கறிஞர்கூட இங்கே திணறுவார், ஏனென்றால் இங்கே கேள்வியையும் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

எனவே ஒப்பிடும்போது ஆய்வேட்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள். சில எல்.எல்.எம். படிப்புகளில் அது கட்டாயம். சிலவற்றில் அதற்குப் பதிலாகக் கூடுதல் பாடங்கள் எடுக்கலாம். தொழிலுக்காக மட்டும் படிப்பவருக்கு, நேரம் குறைவாக இருந்தால், பாடங்கள் மட்டும் கொண்ட வழியே நல்லது. முனைவர் பட்ட எண்ணம் சிறிதாவது இருப்பவருக்கு ஆய்வேடு இல்லாத எல்.எல்.எம். பின்னால் தடையாக நிற்கும். ஆராய்ச்சிப் பழக்கத்துக்கு ஆதாரம் எங்கே என்று அங்கே கேட்பார்கள். அவர்கள் ஆய்வேட்டை எடுத்தே ஆக வேண்டும். நெறியாளர் எத்தனை முறை சந்திப்பார், வரைவுகளைப் படித்துத் திருத்துவாரா, தொலைநிலை மாணவருக்கும் நிரந்தர ஆசிரியரே நெறியாளராக வருவாரா என்பதை விசாரிக்க வேண்டும். தலைப்பைப் பொறுத்தவரை, உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும் பிரச்சினை ஒன்றை எடுப்பது நேரத்தைப் பாதியாகக் குறைக்கும். கட்சிக்காரரின் ரகசியம் வெளிப்படாமல் கேள்வியைப் பொதுவாக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முழுக்க ஆராய்ச்சியாகவே நடக்கும் எல்.எல்.எம். படிப்புகளும் உள்ளன. வேலையோடு சேர்த்துச் செய்ய அவை கடினம், தன்னொழுக்கம் நிறைந்தவர்களுக்கு மட்டும். சட்டப் பட்டம் இல்லாத மனிதவள, நிதி, ஒழுங்குமுறை அலுவலர்களுக்குச் சட்டத்தில் எம்.ஏ. போன்ற படிப்புகள் உண்டு. அவை வழக்கறிஞராக்காது, ஆனால் அவர்கள் தேடுவது அதுவும் அல்ல.

கட்டணத்தில் கவனிக்க வேண்டியவை

நெகிழ்வுப் படிப்பில் மொத்தக் கட்டணத்தை விட அது எப்படி வாங்கப்படுகிறது என்பதே பெரிய வேறுபாடு. பாடவாரியாகக் கட்டும் முறையில் ஒரு பருவம் எதுவும் எடுக்காவிட்டால் எதுவும் கட்ட வேண்டியதில்லை, அல்லது சிறிய தொடர்பதிவுக் கட்டணம் போதும். வருடவாரியாகக் கட்டும் முறையில் நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் பணம் போகும். நீங்கள் ஒப்பிடும் இரண்டு படிப்புகளில் ஒன்று மலிவாகத் தெரிந்தால், மறுதேர்வுக் கட்டணம், தேர்வு மையக் கட்டணம், வருடா வருடம் உயரும் பாடக் கட்டணம், அயல் நாணய மாற்று ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு நீட்டிய படிப்பில் கடைசி வருடப் பாடத்தின் விலை முதல் வருடத்து விலையாக இருக்காது.

நிறுவனம் கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறது என்றால் நல்லது. ஆனால் பதிலுக்குக் கேட்கும் பணிக்கால ஒப்பந்தத்தை, ஒரு வழக்கறிஞர் மற்றவருடைய ஒப்பந்தத்தைப் படிக்கும் கவனத்தோடு படிக்க வேண்டும். படிப்பு மூன்று வருடம், அதன் பிறகு இரண்டு வருடம் விலகக் கூடாது என்றால் ஐந்து வருடம் கட்டுப்படுகிறீர்கள். வேறு வேலைக்கு மாறுவதற்காகவே எல்.எல்.எம். படிப்பவருக்கு அது எதிரான ஏற்பாடு.

யாருக்கு எதைச் சொல்வேன்

நீதிமன்றத்தில் வாதாடும் இளம் வழக்கறிஞருக்கு, வளாகத்தில் மாலை நேரப் பகுதிநேரம் கிடைத்தால் அதையே சொல்வேன். சீனியரிடம் முன்கூட்டிச் சொல்லி, வகுப்பு நாட்களில் மாலை ஆலோசனைகளிலிருந்து விலக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். சீனியர் ஒப்புக்கொள்ளாத இடத்தில் அந்தப் படிப்பு நடக்காது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நிறுவன ஆலோசகருக்கு, சிறப்புத் துறையில் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் நேரலை இணையவழிப் படிப்பு. கைக்குழந்தை உள்ளவருக்கும், பெரியவர்களைக் கவனிப்பவருக்கும் படிமுறை, முதல் வருடம் சான்றிதழ் மட்டும். கற்பிக்க விரும்புகிறவருக்கு அங்கீகாரம் உறுதியான நேரடிப் படிப்பு, முடிந்தால் முழுநேரம், ஆய்வேட்டோடு. நியூயார்க் பார் தேர்வு என்ற குறியோடு இருப்பவருக்கு, அந்த விதியின் இன்றைய வாசகத்தைப் படித்துவிட்டு, அதற்குப் பொருந்தும் வளாகப் படிப்பு.

இன்னொரு வகையினர் உண்டு. வேலையில் அயர்ச்சி வந்து, அதிலிருந்து வெளியேறும் வழியாக எல்.எல்.எம். படிப்பைப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு நெகிழ்வுப் படிப்பு பொருந்தாது. அயர்ந்துபோன வேலையோடு இன்னொரு 1,800 மணி நேரத்தைச் சேர்த்தால் இரண்டுமே கெடும். ஒன்று, சேமித்து வைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுநேரமாகப் போக வேண்டும். இல்லையென்றால் ஒரே ஒரு குறுகிய பாடத்தை எடுத்துப் பார்த்து, படிப்பில் மனம் செல்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதிகபட்சப் படிப்புக் காலம் எத்தனை வருடம், அதற்குள் இடைவெளி எடுத்தால் அந்தக் காலம் கணக்கில் சேருமா? பட்டச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ படித்த முறை குறிப்பிடப்படுமா? நடுவில் நின்றால் என்ன தகுதி கிடைக்கும்? அந்தப் படிப்பு மூடப்பட்டால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடிக்க எத்தனை வருடம் தருவார்கள்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் ஐந்து வருடப் படிப்பில் அது நடக்கக்கூடியதுதான். பட்டத்தை ஏற்க வேண்டிய அமைப்பு ஒன்று இருந்தால் அதனிடமும் தனியாக எழுதிக் கேளுங்கள், பல்கலைக்கழகத்தின் வாக்குறுதி அதற்கு ஈடாகாது. பதில்கள் எழுத்தில் வந்த பிறகு முதல் தவணையைக் கட்டலாம்.